அட்டையில் போட்ட வேகம்

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பர்வீன் ஒரு சின்னக் கடை வைத்திருந்தாள். கெட்டுப்போன மெமரி கார்டு, கீழே விழுந்த ஹார்டு டிஸ்க், எதைக் கொடுத்தாலும் உள்ளே இருப்பதை எடுத்துத் தருவாள். வயது முப்பத்துநாலு. ஊருக்கே அவள் மாஸ்டர்.

அவளுக்கு ஒரே ஒரு சீடர், சௌந்தரபாண்டி. மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், பேரன் எடுத்தவர். ஆர்வத்துக்குக் குறைச்சல் இல்லை. பொறுமைக்கும் அவருக்கும்தான் ஏழாம் பொருத்தம்.

ஒரு நாள் காலையில் முருகேஸ்வரி என்ற பெண் வந்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த கார்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

அவள் புருஷன் வீரணன் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகும் ஜீப்பின் டிரைவர். போன வாரம் மழையில் ஜீப் பள்ளத்தில் உருண்டது. ரோட்டில் இருந்த தடயத்தை மழையே கழுவிவிட்டது. வீரணன் அங்கேயே போய்விட்டான். பக்கத்து சீட்டில் இருந்த பெண் இன்னும் கண் விழிக்கவில்லை. பின்னால் இருந்தவர்களுக்குத் தார்ப்பாயும் மழைச் சத்தமும்தான் தெரியும். ஜீப் கண்ணாடியில் உள்பக்கம் பார்த்து மாட்டியிருந்த கேமராவின் கார்டுதான் இது.

"இதுல என்ன பாக்கணும் தங்கச்சி?" என்றாள் பர்வீன்.

"அன்னைக்குத் தூக்குச்சட்டியை மறந்து வச்சுட்டுப் போயிட்டாருக்கா. அதைச் சொல்லத்தான் போன் போட்டேன். எடுத்துப் பேசினாரு. பேசிக்கிட்டு இருக்கும்போதே சத்தம் நின்னுபோச்சு. அப்புறம் வண்டி விழுந்துருச்சுன்னு சேதிதான் வந்துச்சு."

பர்வீன் கார்டைக் கையில் எடுத்தாள்.

"நீதான் போன் போட்டு எம் மகனைக் கொன்னேன்னு மாமியா சொல்றாங்க. நான்தானான்னு எனக்குத் தெரியணும்க்கா."

பர்வீன் கார்டைத் துடைத்து, பழைய கார்டு ரீடரில் செருகி, கம்ப்யூட்டரில் மாட்டினாள். முதலில் முழுவதும் காப்பி, பிறகுதான் பார்ப்பது. அந்தக் கடையில் அதுதான் சட்டம். திரையில் பச்சைப் பட்டை தோன்றி, நகர்கிறதா இல்லையா என்று தெரியாதபடி நகர்ந்தது.

முருகேஸ்வரி எதிரே பெஞ்சில் உட்கார்ந்தாள். அங்கிருந்து திரை தெரியாது. திரையைப் பார்ப்பவர்களின் முகம் மட்டும் தெரியும்.

சௌந்தரபாண்டியால் பட்டையைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"மாஸ்டர், ரீடர் பெட்டி அட்டையில வேகம் செகண்டுக்கு நூத்தி எழுபது எம்.பி.ன்னு போட்டிருக்கான். இங்க பதினொண்ணு தாண்ட மாட்டேங்குதே. ஏமாத்துறானா?"

"காலி ஜீப் போடிமெட்டுக்கு ஏற எவ்வளவு நேரமாகும்ண்ணே?"

"முக்கா மணி நேரம்."

"ஆள் ஏத்திக்கிட்டு, மழையில, ஒவ்வொரு தோட்டத்து வாசல்லயும் நிப்பாட்டி இறக்கிவிட்டுப் போனா?"

சௌந்தரபாண்டி யோசித்தார். பெஞ்சிலிருந்து பதில் வந்தது.

"ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும்க்கா. அவரு சொல்லுவாரு."

பர்வீன் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அட்டையில இருக்கிறது காலி ஜீப்போட வேகம்ண்ணே. இந்தக் கேமரா நிமிஷத்துக்கு ஒரு துண்டாப் பதிஞ்சு வச்சிருக்கு. ஒவ்வொரு துண்டையும் இறக்கிட்டுத்தான் அடுத்ததை ஏத்தணும். கார்டு மழைத் தண்ணியில கெடந்திருக்கு. நம்ம கம்ப்யூட்டரும் கிழடு. இதுல எது நொண்டுதோ, அதோட நடைதான் மத்த எல்லாத்துக்கும்."

"பிடுங்கிப் புது ரீடர்ல போட்டா?"

"பாதியில பிடுங்கினா கார்டு செத்தாலும் செத்துரும். அப்புறம் அந்தப் பொண்ணுக்கு யாரு பதில் சொல்றது?"

சௌந்தரபாண்டி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மதியத் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. பர்வீன் எழுந்தாள்.

"தொழுதுட்டு வந்துடுறேன். எதையும் தொடாதீங்கண்ணே."

அவள் உள் அறைக்குப் போனாள். சௌந்தரபாண்டி கொஞ்ச நேரம் தொடாமல்தான் இருந்தார். கார்டைத்தானே தொடக்கூடாது, கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்துவிட்டதைப் பார்த்தால் என்ன என்று அவருக்கு ஒரு நியாயம் தோன்றியது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கடைசியாக வந்து சேர்ந்திருந்த துண்டைத் திறந்தார்.

மழைச் சத்தம், வைப்பர் சத்தம். வீரணன் ஒரு கையால் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டிருந்தான். இன்னொரு கையில் போன், காதோடு. சிரித்துக்கொண்டே என்னவோ சொன்னான். வளைவில் அவன் உடம்பு சாய்ந்தது. படம் அத்தோடு முடிந்தது.

சௌந்தரபாண்டி ஹெட்போனைக் கழற்றினார். நிமிர்ந்தபோது முருகேஸ்வரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன்தானாய்யா?"

அவர் இல்லை என்று சொல்ல நினைத்தார். வாய் வரவில்லை.

"காதுல வச்சிருந்தாரா?"

அவர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். பச்சைப் பட்டை நின்றுபோயிருந்தது. பதினொன்று இருந்த இடத்தில் பூஜ்யம். மௌஸை அசைத்துப் பார்த்தார், அம்புக்குறியும் அசையவில்லை. போச்சு, கார்டையும் கொன்றுவிட்டோம் என்று நினைத்தார்.

முருகேஸ்வரி அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். செருப்பைக்கூடப் போடாமல் வாசல்படியில் இறங்கினாள். எதிரே ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"மாஸ்டர்!" என்று கத்தினார் சௌந்தரபாண்டி.

பர்வீன் ஓடிவந்தாள். ஒரே பார்வையில் அவளுக்கு விளங்கிவிட்டது. படியில் இறங்கி முருகேஸ்வரியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எங்க போறே?"

"தெரிஞ்சுபோச்சுக்கா. விடுங்க."

"என்ன தெரிஞ்சுது? இன்னும் வந்து முடியலை. வந்து உக்காரு."

"இதுக்கு மேல என்னக்கா வரணும்?"

"அது எனக்கும் தெரியாது. அதுக்குத்தான் உக்காரச் சொல்றேன்."

அவளை உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிடித்த கையை விடவில்லை. சௌந்தரபாண்டி ரீடர் பக்கம் கையை நீட்டினார்.

"வேண்டாம்ண்ணே. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"செத்துப்போச்சு மாஸ்டர்."

"செத்திருந்தாலும் இருக்கட்டும்."

டீக்கடைப் பையன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். பர்வீனின் உதடு எதையோ முணுமுணுத்தது. அவளுக்கும் பயம்தான், ஆனால் அதைத் தன்னோடு வைத்துக்கொண்டாள்.

பூஜ்யம் ஒன்றானது. ஒன்று நாலானது. பட்டை நொண்டி நொண்டி நடந்து, வெகுநேரம் கழித்து முடிந்தது. மிச்சத் துண்டுகளும் வந்து சேர்ந்திருந்தன.

பர்வீன் எழுந்து போய் ஹெட்போனை மாட்டினாள். கடைசிவரைக்கும் பார்த்தாள். முருகேஸ்வரி அவள் முகத்தைக் கண்ணால் துழாவினாள். அதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

"இங்க வா தங்கச்சி."

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, சௌந்தரபாண்டி பார்த்ததற்கு அடுத்த துண்டை ஓட்டினாள். சாய்ந்த உடம்பு நிமிர்ந்தது. "அலோ, அலோ" என்றான் வீரணன். போனை ஒருமுறை பார்த்தான். "சிக்னல் போச்சு" என்று சொல்லி அதைச் சட்டைப்பையில் போட்டான். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் திரும்பினான்.

"சோத்தை மறந்துட்டு வந்துட்டேனாம். இன்னைக்கு உங்க சட்டியிலதான் எனக்குப் பங்கு."

அந்தப் பெண் சிரித்தாள். அதற்கடுத்த துண்டிலும் ஜீப் ஏறிக்கொண்டிருந்தது. அதற்கடுத்ததிலும். பிறகு மேலேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. வீரணன் தலையைத் தூக்கி மலையைப் பார்த்தான். பர்வீன் அங்கே நிறுத்தினாள்.

"மண்ணு சரிஞ்சிருக்கு. பாறையும் சேர்ந்து வந்திருக்கு. இதுக்கு மேல நீ பாக்க வேண்டாம்."

"போனை வச்சுட்டாராக்கா?"

"வச்சுட்டாரு. நீயும் பாத்தியே."

"ரெண்டு கையிலயும் பிடிச்சிருந்தாரா?"

"பிடிச்சிருந்தாரு."

முருகேஸ்வரி அப்போதுதான் அழுதாள். மேசையில் தலையை வைத்துக்கொண்டு, கடையே அதிரும்படி அழுதாள். பிறகு மாமியாரிடம் காட்ட ஒரு காப்பி கேட்டாள். பர்வீன் பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தாள்.

சௌந்தரபாண்டி நின்ற இடத்திலேயே நின்றார். அவள் வந்ததும் கேட்டார்.

"மாஸ்டர், மத்தது வராமலே போயிருந்தா அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்லியிருப்பீங்க?"

"நான் சொல்றதுக்கு என்ன மிச்சம் இருந்துச்சுண்ணே? சேதி உங்க மூஞ்சியில இருந்து அவ மூஞ்சிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாச்சு?"

சௌந்தரபாண்டி பெஞ்சைத் தூக்கி, முகம் தெரியாதபடி வாசலைப் பார்க்கப் போட்டார்.