தூதன் சொல்ல வேண்டிய பாட்டு

கனகாம்புஜம் அம்மாளின் நாடக சபாவில் தீத்தாரப்பக் கவிராயர் வந்து சேர்ந்தபோது, அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. அம்மாளைவிட அவர்தான் மூத்தவர்.

அதற்கு முன்பே அவர் எழுதிய நாடகங்களைச் சில கம்பெனிகள் மேடையேற்றியிருந்தன. ஒவ்வொன்றிலும் கடைசிக் காட்சியில் யாராவது செத்தார்கள். ஜனங்கள் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

கனகாம்புஜம் அம்மாள் மேடையில் செத்தால் மட்டும் ஊரே விம்மியது. சபாவை நடத்துகிறவரும் அம்மாள்தான், வாத்தியாரும் அம்மாள்தான், தலைவி வேஷம் கட்டுகிறவரும் அம்மாள்தான். அவரிடம் பாடம் கேட்க வேண்டும் என்றே கவிராயர் வந்தார்.

வந்த அன்றே கேட்டார்.

“என் நாடகத்துல சாகிறவங்களுக்காக யாரும் அழ மாட்டேங்கிறாங்க. குறை எழுத்திலயா, நடிப்பிலயா?”

“எழுதும்போது நீங்க அழுதீங்களா?”

“எழுதுறவன் அழுதா யாப்பு கெட்டுப்போகுமே.”

அம்மாள் சிரித்தார்.

“சரி. அந்தத் திரைச்சீலையை ஒரு கை பிடிங்க. வண்டி வந்தாச்சு.”

வேறு பதில் கிடைக்கவில்லை. கவிராயர் சபாவோடு ஊர் ஊராகப் போனார். ரயிலும் மாட்டு வண்டியுமாக நாடகக் கம்பெனிகள் அலைந்த காலம் அது. போகிற இடத்திலெல்லாம் எழுதினார். மழைக்காலம் முடிவதற்குள் ஒரு கப்பல் நாடகத்தை எழுதி முடித்தார்.

கதை எளிமையானது. ஒரு வணிகன் கடல் கடந்து போகிறான். மனைவி கரையில் காத்திருக்கிறாள். கடைசிக் காட்சியில் ஒரு தூதன் வருகிறான். கப்பல் கவிழ்ந்தது, ஒருவரும் பிழைக்கவில்லை என்று பாட்டாகச் சொல்கிறான். அதைக் கேட்ட மனைவி புலம்பிப் பாடி, விழுந்து சாகிறாள்.

தூதனின் பாட்டு கவிராயருக்கு உயிர்.

‘பாய்மரமும் போயிற்று, பலகையொன்றும் மிஞ்சவில்லை;
போய்வருவேன் என்றவனைப் புணரிதான் கொண்டதம்மா’

என்று அது தொடங்கும். யார் கேட்டாலும் பாடிக் காட்டுவார். கேட்காதவர்களுக்கும் பாடிக் காட்டுவார்.

அம்மாள் நாடகத்தைப் படித்துவிட்டு, “பாட்டு நல்லா இருக்கு” என்றார். மேடையில் நிற்கும் கப்பல் ஒன்றைச் செய்யச் சொன்னார். அதுவரை யாரும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அந்தக் கப்பலின் பேர் பரவி, புன்னைத்துறை என்ற மீனவ ஊரிலிருந்து ஆள் வந்தது. மாதா கோயில் திருவிழாவுக்குக் கப்பல் நாடகம்தான் வேண்டும் என்றார்கள்.

சபா அந்த ஊரில் போய் இறங்கியபோது தெருவில் தோரணம் இல்லை. வலைகள் மணலில் அப்படியே கிடந்தன. எந்தக் கூரையிலும் புகை எழவில்லை.

ஊர்த் தலைவர் லாசர் மச்சாது வண்டியின் அருகே வந்தார்.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. பெரிய காத்து அடிச்சிட்டுது. தொழிலுக்குப் போன ரெண்டு வள்ளம் இன்னும் கரை சேரலை. திருவிழாவை நிறுத்தியாச்சு. நீங்க திரும்பிடுங்க.”

அம்மாள் தலையசைத்தார். வண்டிக்காரன் மாட்டைத் திருப்பினான்.

“நில்லுங்க.”

கோயில் படியிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். பெயர் சூசையம்மாள். அவள் புருஷன் காணாமல் போன வள்ளம் ஒன்றில் இருந்தான். அவளுக்குப் பின்னால் வேறு பெண்களும் எழுந்து வந்தார்கள்.

“நாடகம் போடுங்க தாயீ” என்றாள்.

“சூசை, என்ன பேசுற நீ?” என்றார் தலைவர்.

“வீட்டுக்குள்ள இருந்தா கடல் சத்தம் மட்டுந்தான் கேக்குது. செத்த நேரம் வேற ஏதாச்சும் கேக்கணும். இல்லன்னா எங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிரும்.”

தலைவர் மாதா கோயில் வாசலில் நின்ற சாமியாரைப் பார்த்தார். சாமியார் கனகாம்புஜம் அம்மாளைப் பார்த்தார். அம்மாள் வண்டியிலிருந்து இறங்கினார்.

வெயில் தாழ்ந்ததும் நாடகத்தைத் தொடங்குவது, இருட்டுவதற்குள் முடித்துவிடுவது என்று பேசிக்கொண்டார்கள். கோயிலுக்குப் பக்கத்து மணலில் மேடை எழுந்தது.

அம்மாள் கவிராயரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“கவிராயரே, முடிவை என்ன செய்யலாம்?”

“ஏன், முடிவுக்கு என்ன?”

“இந்த ஊர்ல போய் அந்தப் பாட்டு...”

“அம்மா, துக்கத்துல இருக்கிறவங்கதான் துக்கத்தைப் புரிஞ்சுக்குவாங்க. இன்னைக்கு ஜனம் அழும், பாருங்க. அதோட, முடிவை மாத்தினா அது என் நாடகமே இல்லை.”

அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார்.

“எழுதினவர் நீங்க. நீங்க சொன்னபடியே இருக்கட்டும்.”

ஆனால் தூதன் வேஷக்காரன் உடையப்பன் அரிதாரம் பூசிக்கொள்ளாமலே வந்து நின்றான்.

“என்னால முடியாதும்மா. என் அக்காவைக் கடக்கரையிலதான் கட்டிக்குடுத்திருக்கு. அந்தப் பொம்பளைகளைப் பாத்து ஒருத்தரும் பிழைக்கலைன்னு சொல்ல எனக்கு நாக்கு வராது.”

கவிராயருக்குக் கோபம் வந்தது.

“எழுதிக் கொடுத்ததைச் சொல்ல முடியாதவன் எதுக்குடா நடிக்க வந்த?”

உடையப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

அம்மாள் தூதனின் தலைப்பாகையை எடுத்துக் கவிராயரிடம் நீட்டினார்.

“பாட்டு உங்களுக்குத்தான் மனப்பாடமாச்சே. இன்னைக்கு நீங்க சொல்லுங்க.”

கவிராயர் அதுவரை மேடை ஏறியதில்லை. என்றாலும் மறுக்க வழியில்லை. வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நாடகம் தொடங்கியது. பெண்கள் முன்வரிசையில் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் கையில் ஜெபமாலை இருந்தது. கப்பல் மேடைக்கு வந்தபோது குழந்தைகள் கூவின. விதூஷகன் நங்கூரத்தைக் காலில் போட்டுக்கொண்டு கத்தினான். பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டாள்.

கவிராயர் பக்கத்துத் தட்டியின் மறைவில் நின்று பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்கூடத் தவறவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. கனகாம்புஜம் அம்மாள் கரையில் காத்திருக்கும் மனைவியாக மேடையின் நடுவில் நின்றார். கவிராயர் நுழைந்தார்.

அம்மாள் திரும்பினார்.

“ஓடி வந்த தூதரே, உரைப்பீர். என் கணவர் சென்ற கப்பல் என்னவாயிற்று?”

கவிராயர் வாயைத் திறந்தபடி சபையைப் பார்த்தார்.

முன்வரிசை முழுவதும் அவரை நோக்கிச் சாய்ந்திருந்தது. ஜெபமாலை உருட்டிய விரல்கள் நின்றுவிட்டன. ஒருத்தி மடியில் இருந்த மகளின் காதுகளை இரண்டு கையாலும் பொத்தினாள். சூசையம்மாள் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு, அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு அவருக்கு ஞாபகம் இருந்தது. ‘பாய்மரமும்’ என்ற முதல் சொல் நாக்கின் நுனியில் நின்றது. அதை வெளியே தள்ள முடியவில்லை.

ஆர்மோனியக்காரர் சுருதியை இழுத்துப் பிடித்தார். பிறகு அவரும் நிறுத்தினார். கடல் சத்தம் கேட்டது.

“உரைப்பீர், தூதரே” என்றார் அம்மாள் மறுபடியும்.

“இன்னும்... தெரியலை தாயீ” என்றார் கவிராயர்.

அது எழுதப்பட்ட வசனம் அல்ல. செந்தமிழும் அல்ல. அம்மாளின் முகம் மாறவில்லை. ஒரு அடி முன்னால் வந்தார்.

“தெரியலைன்னா?”

“எங்க கண்ணுல படலை. கடல் பெருசு. தேடிக்கிட்டு இருக்காங்க. நான் பாத்ததைத்தானே நான் சொல்ல முடியும்.”

அதற்கு மேல் என்ன செய்வது என்று கவிராயருக்குத் தெரியவில்லை. உள்ளே ஓடிவிடலாமா என்று பார்த்தார்.

“எங்கேயிருந்து நடந்து வர்றீங்க?” என்று அம்மாள் கேட்டார்.

“ரொம்பத் தூரம்.”

“சாப்பிட்டீங்களா?”

அம்மாள் அவரை உட்காரச் சொன்னார். இல்லாத இலையை விரித்து, இல்லாத சோற்றைப் பரிமாறினார். குழம்பு ஊற்றினார். கவிராயர் பிசைந்து ஒரு கவளம் எடுத்தார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து அரிதாரம் கலைந்தது.

முன்வரிசையிலிருந்து ஒரு கிழவி சத்தம் போட்டாள்.

“அவருக்கு மட்டும் போடுறியே, நீயும் தின்னு மக்கா!”

அம்மாள் சபையைப் பார்த்துத் திரும்பினார்.

“எனக்கு இறங்க மாட்டேங்குது ஆத்தா.”

“இறங்காதுதான். அதுக்காகத் திங்காம இருந்தா, அவன் வரும்போது கதவைத் திறக்க உனக்குத் தெம்பு வேண்டாமா?”

கிழவி தன் பக்கத்தில் இருந்த சூசையம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். சூசையம்மாள் வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள்.

“ஆத்தா, நீ தின்னியா?” என்றாள்.

“இல்ல.”

“நானும் இல்ல.”

சூசையம்மாள் எழுந்தாள். மணலைத் தட்டிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள். பிறகு எல்லோரும் எழுந்தார்கள்.

திரையை இறக்கச் சொல்ல ஆளில்லை. அது அப்படியே நின்றது. கொஞ்ச நேரத்தில் ஒரு கூரையிலிருந்து புகை எழுந்தது. பிறகு அடுத்த கூரையிலிருந்து.

மேடைக்குப் பின்னால் கவிராயர் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். தலைப்பாகையைக்கூட அவிழ்க்கவில்லை. அம்மாள் நகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“அம்மா, நான் அந்தப் பாட்டைச் சொல்லியிருந்தா?”

“நானும் எழுதினபடி செத்து விழுந்திருப்பேன்.”

“உங்களுக்குப் பயமா இல்லையா?”

“இருந்தது.”

“அப்புறம் ஏன் என்னை அனுப்பினீங்க?”

அம்மாள் வளையல்களைத் துணியில் முடிந்தார்.

“முடிவை மாத்த உங்களை விட்டா வேற யாருக்கு உரிமை?”

அப்போது சூசையம்மாள் உள்ளே வந்தாள். கையில் ஒரு சட்டி இருந்தது. கஞ்சியும் சுட்ட கருவாடும் கொண்டு வந்திருந்தாள்.

“வெறும் கையைப் பிசைஞ்சு காட்டினீங்களே” என்றாள் கவிராயரிடம். “இதைத் தின்னுங்க.”

“நீங்க?”

“ஆத்தாவும் நானும் தின்னாச்சு.”

அவள் போன பிறகு கவிராயர் கஞ்சியைக் குடித்தார். நடுவில் ஒருமுறை நிறுத்தினார்.

“அம்மா, நான் பொய்யா ஒரு ஆசையைக் காட்டிட்டேனோ?”

“என்ன சொன்னீங்க நீங்க?”

“தெரியலைன்னு சொன்னேன்.”

“தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது.”

“கருவாடு ஆறிப்போகும்” என்றார் அம்மாள்.

மறுநாள் காலையில் சபா சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது, கரையில் கூச்சல் எழுந்தது. பக்கத்துத் துறையிலிருந்து ஒருவன் ஓடி வந்திருந்தான். ஒரு வள்ளம் வடக்கே ஒரு தீவில் ஒதுங்கியிருக்கிறது, அதில் போனவர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் என்றான். பெண்கள் கோயிலுக்கு ஓடினார்கள். சிலர் மணலிலேயே முழந்தாளிட்டார்கள்.

அது சூசையம்மாளின் புருஷன் போன வள்ளம் அல்ல.

கவிராயர் கூட்டத்தில் அவளைத் தேடினார். சூசையம்மாள், திரும்பி வரப்போகிற ஒருவனின் மனைவியைக் கட்டிப்பிடித்து, அவளுடைய கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு வண்டியருகே வந்தாள். அவளே பேசினாள்.

“காத்து ஓஞ்ச பிறகு எங்க வள்ளத்துப் பாயைத் தெக்கே பாத்தாங்களாம். ஓடி வந்தவன் சொல்றான்.”

“பாத்தாங்களா?”

“பாத்தாங்களாம். லாசர் அண்ணன் தேடப் போறாரு. நானும் போறேன்.”

“நீங்களுமா?”

“எங்க வீட்டுக்காரர் பாயில நான் தைச்ச ஒட்டு எனக்குத்தானே அடையாளம் தெரியும்?”

அவள் கடலை நோக்கி நடந்தாள். வள்ளம் தள்ளுகிறவர்கள் அவளுக்காகக் காத்திருந்தார்கள். அவள் ஏறி உட்கார்ந்ததும் தள்ளினார்கள். அலையைத் தாண்டி வள்ளம் தெற்கே திரும்பியது.

மாட்டு வண்டி கிளம்பியது. புன்னைத்துறை மறையும் வரை கவிராயர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாடகம் கடலே இல்லாத ஒரு சந்தை ஊரில். அங்கேயும் கப்பல் நாடகத்தைத்தான் கேட்டிருந்தார்கள்.

“அம்மா.”

“சொல்லுங்க.”

“அந்த ஊர்ல தூதன் வந்து என்ன சொல்லணும்?”

“எனக்கு எப்படித் தெரியும், கவிராயரே? இன்னும் அவங்க முகத்தைப் பாக்கலையே.”