ராட்டினக்காரர் மகளும் முன்னாடி ஓடின வாலும்

ஒரு ஊர்ல ஒரு ராட்டினம் இருந்துச்சாம். இருந்துச்சுன்னா வருஷம் பூரா இல்ல பொம்மி. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மட்டும் லாரியில வந்து இறங்கும். கொடை முடிஞ்சா கழட்டி மடக்கி ஏத்திக்கிட்டு அடுத்த ஊர் திருவிழாவுக்குப் போயிரும். ராட்டினக்காரர் பேரு மாசானம். அவருக்கு ஒரே மக, செவந்தி. ஏழாங்கிளாஸ்.

ஊர் ஊராப் போறவ எப்படிப் படிப்பான்னு கேளு. கேக்க மாட்டியே, பாதித் தூக்கம் அதுக்குள்ள! ராட்டினம் எந்த ஊர்ல நிக்குதோ அந்த ஊர் பள்ளிக்கூடத்துல போய் உக்காந்துக்குவா. கொஞ்ச நாள்தான். அப்புறம் லாரி கிளம்பிரும். அதனால பாவம், ஆரம்பிச்ச பாடம் ஒண்ணுகூட அவ முடிஞ்சு பாத்ததே கிடையாது. பாதிக் கணக்கு, பாதிக் கதை, பாதி நாடகம். எல்லாமே பாதி.

ம் கொட்டு. ம்... சரி.

அந்தத் தடவை கொடைக்கு வந்தப்போ அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதுசா ஒரு அறிவியல் டீச்சர் வந்திருந்தாங்க, எமல்டா டீச்சர். ஒல்லியா, குடைக்கம்பி மாதிரி இருப்பாங்க. குரல் மட்டும் கோயில் மைக்கு. ஒருநாள் அவங்க கிளாசுக்குள்ள வந்து கையில இருந்த குச்சி ஐஸை வேணும்னே தொப்புனு மண்ணுல போட்டாங்க. பிள்ளைங்க எல்லாம் "ஐயோ போச்சே!"ன்னு கத்துச்சுங்க. டீச்சர் அதை எடுத்து மண்ணோட தூக்கிக் காட்டி, "இதான் வால்நட்சத்திரம்"னாங்க.

"ஐஸா டீச்சர்?"

"பனிக்கட்டியும் புழுதியும் சேந்த உருண்டை. நம்ம ஊரைவிடப் பெரிசு. தூரத்துல கும்மிருட்டுல சுத்திக்கிட்டு இருக்கும். அங்க இருக்கிற வரைக்கும் அதுக்கு வாலே கிடையாது. சூரியன்கிட்ட வர வர சூட்டுல பனி புஸ்ஸுனு ஆவியாகும், புழுதி கிளம்பும். அதான் வாலு."

அப்புறம் டீச்சர், "அறிவியல் கண்காட்சி வருது. நம்ம கிளாஸ் மைதானத்துல வானத்தையே நடிச்சுக் காட்டப் போறோம்"னாங்க. சூரியனுக்கு யாருன்னு கேக்கக்கூட இல்ல. கிளாசுலயே பெரிய உருவம் தங்கபுஷ்பம்தான். அவளை நிக்க வச்சு மஞ்சப் போர்வையைப் போத்தியாச்சு. பூமிக்கு சூசை. அவன் எப்பவும் வாயில கடலை மிட்டாயோட சுத்துவான், இப்பவும் சுத்தினாப் போதும். அப்புறம் வால்நட்சத்திரம்? "யாரு நல்லா ஓடுவா?"ன்னு டீச்சர் கேட்டாங்க. எல்லாரும் செவந்தியக் காட்டினாங்க.

செவந்திக்கு சந்தோஷம்னா சந்தோஷம்! உடனே மூஞ்சி சுருங்கிப் போச்சு. "கண்காட்சி எப்ப டீச்சர்?"

"புதன்கிழமை."

"ராட்டினம் வெள்ளிக்கிழமைதான் கிளம்புது!"ன்னு ஒரு குதி குதிச்சா. முதல் தடவையா ஒண்ணை முழுசா முடிக்கப் போறா இல்ல? தங்கபுஷ்பமும் அவளோட சேந்து குதிச்சா. ரெண்டு பேரும் அந்தக் கொஞ்ச நாள்லயே அவ்வளவு சிநேகம். ஒரே டிபன் டப்பா.

அப்புறம் மொத ஒத்திகை. சுண்ணாம்புப் பொடியில ஒரு வட்டம் போட்டாங்க. நடுவுல தங்கபுஷ்பம். சூசை வட்டத்துல நடக்கிறான், செவந்தி அதே வட்டத்துல ஓடுறா. ஓடுறா, ஓடுறா... டமால்! மிட்டாய் ஒரு பக்கம், பூமி ஒரு பக்கம்.

டீச்சர் விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, "பூமியோட பாதை கிட்டத்தட்ட வட்டம். வால்நட்சத்திரம் அப்படிச் சுத்துனா தினம் நம்ம கண்ணுலயே இருக்குமே, அப்புறம் யாரு அதை அண்ணாந்து பாப்பா? அது பாதை நீளம். வட்டத்தை ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்தா வெள்ளரிக்காய் மாதிரி நீளுமே, அப்படி"ன்னாங்க. மண்ணுல ரெண்டு கம்பை ஊனி, ஒரு வளையக் கயித்தை ரெண்டையும் சுத்திப் போட்டு, இன்னொரு கம்பால கயித்தை விறைப்பா இழுத்துக்கிட்டே நடக்கச் சொன்னாங்க. சர்ர்ருனு ஒரு நீளமான கோடு விழுந்துச்சு.

அப்புறம் ரெண்டாவது ஒத்திகை. அதுக்கு முன்னாடி செவந்தி ஓடிப்போய் தங்கபுஷ்பத்தை ரெண்டு கம்புக்கும் சரியா நடுவுல கொண்டுபோய் நிறுத்திட்டா.

"அங்க இல்லம்மா, ஒரு கம்புகிட்ட நிக்கணும்"னு டீச்சர் சொன்னாங்க.

செவந்தி இடுப்புல கைய வச்சுக்கிட்டா. "என்ன டீச்சர் இது! அச்சு நடுவுல இல்லாட்டி ராட்டினம் கோணிக்கிட்டு விழுந்துரும். எங்கப்பா கயிறு பிடிச்சு அளந்துதான் அச்சையே மாட்டுவாரு!"

பாத்தியா? ராட்டினக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத்தான் இப்படித் தோணும். டீச்சர் கோவிக்கல. "உங்கப்பா செய்யறது ராட்டினத்துக்கு ரொம்பச் சரி. வால்நட்சத்திரத்தை எந்தக் கம்பியும் பிடிச்சுக்கல. சூரியன் இழுக்குது, அவ்வளவுதான். ஆமா, உங்க திருவிழாவுல கொலம்பஸ் ஊஞ்சல் உண்டா?"

"உண்டே!"

"அது மேல ஏறுறப்ப எப்படிப் போகும்?"

செவந்தி கண்ண மூடி யோசிச்சா. "ஏற ஏற மெதுவாகும் டீச்சர். உச்சில நின்ன மாதிரி இருக்கும். அப்புறம் வயித்துல ஜில்லுனு... விர்ர்ருனு கீழ வரும். அடியிலதான் வேகம்!"

"அதேதான்! சூரியனை விட்டுத் தூரம் போகப் போக வால்நட்சத்திரம் மெதுவாகும். அந்தத் தூரக் கோடியில ஊர்ந்துக்கிட்டு இருக்கும். அப்புறம் சூரியன் இழுக்க இழுக்க வேகம் கூடி, கிட்ட வர்றப்ப விர்ருனு ஒரு சுத்து. பக்கவாட்டுல பாய்ஞ்சு வர்றதால சூரியன்ல விழாம திரும்பிப் போயிரும்."

செவந்தி ஓடிப் பாத்தா. தூரத்துல ஆமை மாதிரி, சூரியன்கிட்ட புயல் மாதிரி. "ஹை, கொலம்பஸேதான்!"னு கத்தினா. இன்னொரு கம்பைக் காட்டி, "அங்க யாரு நிக்கிறது?"ன்னு கேட்டா.

"யாரும் இல்ல. அது வெறும் இடம்."

ம்... ஏ பொம்மி, ம் எங்க? ஆங், இருக்கியா. கேளு.

அப்புறம் மூணாவது ஒத்திகை. இப்ப வாலு கட்டணும். செவந்தி அம்மாவோட பழைய சேலையை இடுப்புக்குப் பின்னாடி மாட்டுவால் மாதிரி முடிஞ்சு விட்டாங்க பிள்ளைங்க. டீச்சர் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டே ஹெட்மாஸ்டர் ரூம்ல இருந்து பெரிய ஸ்டாண்டு ஃபேனை நீள ஒயர் போட்டு இழுத்துட்டு வந்து, தங்கபுஷ்பம் பக்கத்துல வச்சு, செவந்தி எங்க போனாலும் அவளைப் பாத்தே ஃபேனைத் திருப்பச் சொன்னாங்க. "சூரியன்ல இருந்து எந்நேரமும் ஒரு காத்து வீசும். நம்ம காத்து மாதிரி இல்ல. ஆனா அதுதான் வாலைத் தள்ளுது"ன்னாங்க.

செவந்தி வந்தா பாரு, சூப்பரா வந்தா. சேலை பின்னாடி படபடபடன்னு பறக்குது. சூரியனை ஒரு சுத்து சுத்தினா. திரும்பிப் போகுறப்ப ஃபேன் காத்து முதுகுல அடிச்சுதா, சேலை அப்படியே தலைக்கு மேல எழும்பி மூஞ்சியில சுத்திக்கிச்சு. கண்ணு தெரியல! "அம்மா, அம்மா"ன்னு தடுமாறி ஓடி... தொபுக்கடீர்! தண்ணித் தொட்டிக்குள்ள.

சிரிக்காதே, தூக்கம் போயிரும். சரி, சிரிச்சுக்கோ.

எல்லாரும் சேந்து தூக்கினாங்க. தண்ணி சொட்டச் சொட்ட செவந்தி கேட்டா, "டீச்சர், அப்ப போகுறப்ப வாலு முன்னாடி போகுமா?"

"போகும்! வாலு எப்பவும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான். வர்றப்ப பின்னாடி, போறப்ப முன்னாடி."

சேலையை அவுத்துப் போட்டுட்டு, ஒரு கம்புல ஜிகினாத் தாளைக் கத்தை கத்தையாக் கட்டித் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டா. இப்ப காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம் பறக்கும். எல்லாம் சரியாப் போச்சு.

எல்லாம் சரியாப் போச்சா? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஹெட்மாஸ்டர் வந்து, "கண்காட்சிக்கு வர்ற அதிகாரிக்கு வேற வேலையாம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வச்சுக்கலாம்"னு சொல்லிட்டாரு.

வெள்ளிக்கிழமை! செவந்தி அப்படியே தரையில உக்காந்துட்டா. தங்கபுஷ்பம் போர்வையைக் கீழ போட்டுட்டு மாசானத்துக்கிட்டயே ஓடினா. "மாமா, மாமா, ஒருநாள் தங்குங்க மாமா."

அவரு நல்ல மனுஷன். தலையைத் தடவிக் கொடுத்து, "அடுத்த ஊர் கொடை எனக்காகக் காத்திருக்குமா தாயி? வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள அங்க ராட்டினத்தை நட்டாகணும். கண்காட்சி முடியற வரைக்கும் நிக்க முடியாது, பத்தரைக்கு லாரி எடுத்தே ஆகணும்"னாரு. அவரு மூஞ்சியும் வாடிப் போச்சு.

அன்னைக்கு தங்கபுஷ்பம் சோறே தின்னல. அவளுக்குக் கண்காட்சி போனாப் போகட்டும், செவந்தி போயிருவாளேன்னுதான். போனா எத்தனையோ ஊரு, எத்தனையோ சிநேகிதி. நம்மள ஞாபகம் வச்சுக்குவாளான்னு அழுகையா வந்துச்சு.

மறுநாள் செவந்தி மைதானத்துல அந்தக் கோட்டையே முறைச்சுப் பாத்துக்கிட்டு நின்னா. ஒரு பக்கம் சூரியன். இன்னொரு பக்கம் யாரும் இல்லாத கம்பு. அதுக்கு அந்தாண்ட பள்ளிக்கூட கேட்டு. லாரியே உள்ள வர்ற அகல கேட்டு. அப்போ அவ கண்ணு பளிச்சுனு ஆச்சு.

"டீச்சர்! பாதையை இன்னும் நீளமா இழுத்தா என்ன? கேட்டுக்கு வெளிய!"

"வெளியவா? பாக்கிறவங்களுக்குத் தெரியாதேம்மா."

"வால்நட்சத்திரம் தூரம் போனா நமக்கு மட்டும் தெரியுதா டீச்சர்?"

எமல்டா டீச்சர் அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் என்ன, நீளக் கயிறு வந்துச்சு, சுண்ணாம்பு மூட்டை வந்துச்சு. கோடு கேட்டைத் தாண்டி ரோட்டோரம் போய், புளியமரத்தடியில திரும்பி மறுபடி உள்ள வந்துச்சு.

வெள்ளிக்கிழமை. புளியமரத்தடியில லாரி. மேல ராட்டினம் மொத்தமும் கழட்டி அடுக்கியிருக்கு. உள்ள அம்மா, ஸ்டியரிங்ல மாசானம். பத்து மணி ஆச்சு, அதிகாரியக் காணோம். பத்தேகால், காணோம். அதிகாரிங்க என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்காங்க? மாசானம் கடிகாரத்தைப் பாக்கிறாரு, மகளைப் பாக்கிறாரு. டுர்ர்ர்ர்னு லாரியை ஸ்டார்ட் பண்ணிட்டாரு. அந்த நேரம் பாத்து ஜீப்பு வந்துச்சு!

"ஆரம்பிக்கலாம்!"னு டீச்சர் ஒரு சத்தம். ஃபேன் சுத்துது. சூசை மிட்டாயைத் துப்பிட்டு ஒழுங்கா வட்டம் போறான். கேட்டுக்கு வெளிய இருந்து மெதுவா ஒரு உருவம் நடந்து வருது. கேட்டுக்குள்ள வந்ததும் ஓட்டம். கிட்ட வர வர வேகம். ஜிகினா பின்னாடி தகதகன்னு பறக்குது. விர்ர்ர்ருனு தங்கபுஷ்பத்தைச் சுத்தினா. சுத்துறப்ப ஒரு கையால போர்வையைத் தொட்டுட்டு, "வருவேன்டி"ன்னா. அவ்வளவுதான். இப்ப காத்து முதுகுல. ஜிகினா முன்னாடி பறக்குது, வாலு வழி காட்டுற மாதிரி அவ பின்னாடி ஓடுறா. மெதுவாகி, மெதுவாகி, கேட்டைத் தாண்டி... லாரியில ஏறிட்டா. தூரம் போனா வாலு கிடையாதுல்ல? ஜிகினாவைச் சுருட்டி மடியில வச்சுக்கிட்டா. பாம் பாம்! லாரி போயிருச்சு.

அதிகாரி எந்திரிச்சு நின்னு கேட்டைப் பாத்தாரு. "எங்க அந்தப் பொண்ணு? திரும்பி வரலையே?"

டீச்சர் சொன்னாங்க, "வரும் சார். அடுத்த கொடைக்கு."

கைதட்டல் காதைப் பிளந்துச்சு. தங்கபுஷ்பம் மட்டும் கைதட்டல. சூரியன் நகரக் கூடாதுல்ல, அதனால நின்ன இடத்துலயே நின்னு அழுதா, சிரிச்சா, மறுபடி அழுதா.

அப்புறம் மழை வந்துச்சு. பரீட்சை வந்துச்சு. கோடெல்லாம் அழிஞ்சு போச்சு. ரெண்டு கம்பை மட்டும் தங்கபுஷ்பம் பிடுங்க விடல. அப்புறம் ஒருநாள் ஊர்ல கொடைக்குப் பந்தக்கால் நட்டாங்க. அன்னைக்குக் காலைல எட்டாங்கிளாஸ் பிள்ளைங்க எல்லாம் கேட்டுல தொங்குதுங்க. தூரத்துல, டுர்ர்ர்ர்...

லாரி! மேல இரும்புக் கம்பிங்களுக்கு நடுவுல ஒருத்தி எந்திரிச்சு நிக்கிறா. கையில கம்பு, அதுல ஜிகினா. வாலு எந்தப் பக்கம் பறந்துச்சு சொல்லு?

"பின்னாடி..."

ஏன்?

"சூரியனைப் பாத்து வருதுல்ல..."

என் தங்கம்! தூக்கத்துலயும் சரியாச் சொல்லிட்டா. செவந்தி லாரி நிக்கிறதுக்கு முன்னாடியே குதிச்சு, விர்ருனு ஓடி வந்து தங்கபுஷ்பத்தை ஒரு சுத்து சுத்திக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அப்பனுக்கப்புறம் இப்ப ராட்டினத்தை அவளே ஓட்டுறா. இன்னைக்கு வரைக்கும் ஒரு கொடை தவறினதில்ல.

"பெரியம்மா..."

என்ன?

"நாளைக்கு வருதே ராட்டினம், அந்த செவந்தி அத்தைதானே?"

ஆமா.

"அப்ப தங்கபுஷ்பம் நீதானே?"

ம்.

கதை ராட்டினம் ஏறிச் சுத்தி இறங்கிருச்சு, கண்ணை மூடு. காலைல லாரிச் சத்தம் கேட்டா நானே எழுப்பி விடுறேன்.