குரல் மட்டும் மிஞ்சிய மடு

மலைக்காட்டில் ஆறு வளைந்து தேங்கும் இடத்தில் ஒரு மடு இருந்தது. அங்கே ஒரு தாய் நீர்நாய் குடியிருந்தது. மடுவைச் சுற்றித் தவளைகள் மண்டிக் கிடந்தன. மாலையானால் அவை போடும் கூச்சலைப் போல வேறு எங்கும் கேட்க முடியாது என்று காட்டு விலங்குகள் பெருமையடித்துக்கொள்ளும்.

மழை ஓய்ந்த ஒரு மாலையில் நீர்நாய் மீன் தேடி மடுவில் இறங்கியது. கரையெங்கும் தவளைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று நீர்நாய்க்கு உடம்பு சிலிர்த்தது.

நீர்நாய் தண்ணீரில் இறங்கினால் தவளைகள் வாயை மூடிக்கொள்ளும். தின்றுவிடுமே என்ற பயம்தான். அன்று ஒன்றுகூட வாயை மூடவில்லை. நீர்நாய் வாலால் தண்ணீரை ஓங்கி அடித்தது. கத்தல் அப்படியே தொடர்ந்தது. சத்தம் வந்த கரைக்குப் போய்ப் பார்த்தது. அங்கே தவளையே இல்லை. எதிர்க்கரையிலும் இல்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் முங்கியது. தவளைகள் அங்கே இருந்தன. கற்களுக்கிடையே, கண்ணைத் திறந்தபடி, அசையாமல் உட்கார்ந்திருந்தன. நீர்நாய் ஒன்றை மூக்கால் தொட்டது. அது துள்ளவில்லை, மெதுவாகச் சாய்ந்தது. அங்கே கிடந்தவை எல்லாம் செத்துப்போயிருந்தன. தண்ணீருக்கு மேலே கத்தல் மட்டும் நிற்கவே இல்லை.

வேறு யாராக இருந்தாலும் அலறியடித்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். நீர்நாய்க்கும் பயம்தான். ஆனால் எதையும் ஏன் என்று பார்க்காமல் விட்டால் அதற்குத் தூக்கம் வராது. அப்படி ஒரு பிறவி! செத்த தவளைகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வந்து பாறையில் பரப்பியது. காயம் இல்லை, பல் பட்ட தடமும் இல்லை. தோல் மட்டும் தடித்து, செதில் செதிலாக உரிந்து தொங்கியது.

அந்த நேரம் பார்த்துக் காட்டுப்பன்றி தண்ணீர் குடிக்க வந்தது. அந்தக் காட்டுக்கு அதுதான் நாட்டாமை. யார் அதை நாட்டாமை ஆக்கினார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கேட்கும் தைரியமும் யாருக்கும் இல்லை.

"ஓகோ, விருந்து நடக்குதா?" என்றது பன்றி.

"தின்னிருந்தா உடம்பு மிஞ்சுமா ஐயா? இது ஏதோ நோய். நாளைக்கு வலசைப் பறவைங்க வருது. அவங்ககிட்ட காட்டி வழி கேட்கலாம்" என்றது நீர்நாய்.

வலசைப் பறவைகள் ஆண்டுதோறும் பனி நாடுகளிலிருந்து வரும். எந்த ஏரியில் எந்த உயிர் பெருகியது, எந்தக் காட்டில் எது குறைந்தது என்று போகிற வழியெல்லாம் பார்த்து, ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்வது அவற்றின் வழக்கம். ஒரு தேசத்தில் கண்டறிந்த வைத்தியம் இன்னொரு தேசத்துக்கு அப்படித்தான் போய்ச் சேரும்.

பன்றிக்கு அது பிடிக்கவில்லை. பறவைகள் ஊர் ஊராகப் புகழும் மடு இது, அதன் குறையை வெளியில் சொல்லி மானத்தை வாங்குவதா என்று உறுமியது. "நாளைக்குப் பறவைங்க வர்றதுக்குள்ள உன் குட்டிங்களைத் தூக்கிட்டு இந்த மடுவை விட்டுப் போயிரு" என்றது.

நீர்நாய் வளையை எட்டிப் பார்த்தது. குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. வளையை விட்டு வெளியே கொண்டுபோனால் அவை பிழைக்காது. பேசாமல் இருந்தால் மிச்சமிருக்கும் தவளைகளில் ஒன்றும் பிழைக்காது.

கத்தல் எங்கிருந்து வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு தேடியது. கடைசியில் தலைக்கு மேலிருந்த நாவல் மரத்தில் அதைக் கண்டுபிடித்தது. அங்கே கரிச்சான் குருவி உட்கார்ந்திருந்தது. எந்தக் குரலையும் அச்சாக எடுத்துவிடும் பறவை அது. கழுத்தை உப்பவைத்துத் தவளை போலக் கத்திக்கொண்டிருந்தது.

"நீதானா?" என்றது நீர்நாய்.

கரிச்சான் நடந்ததைச் சொன்னது. தவளைகளின் குரல் போன வருடமே குறைய ஆரம்பித்ததாம். பறவைகள் வரும் நேரத்தில் மடு அமைதியாக இருந்தால் அசிங்கம் என்று பன்றிதான் கத்தச் சொன்னதாம். வலசை வந்த வாலாட்டிக் குருவி மேலே பறந்தபடியே கேட்டுவிட்டு, எல்லாம் நலம் என்று சொல்லிப் போய்விட்டதாம். அன்று கரிச்சானுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லையாம்.

"இப்ப என்னால நிறுத்த முடியலை அக்கா" என்றது கரிச்சான். "முந்தாநாள் என் குஞ்சைக் கூப்பிட வாயைத் திறந்தேன். தவளைச் சத்தம்தான் வந்துச்சு. குஞ்சு என்னைப் பார்த்துப் பயந்து ஒளிஞ்சுக்கிச்சு."

அதைச் சொல்லும்போதே அதன் தொண்டைக்குள்ளிருந்து செத்த தவளை ஒன்று கத்தியது. கரிச்சான் அழுதது. நீர்நாய் அதைத் திட்டவில்லை. நாளை மாலை மட்டும் வாயை மூடிக்கொண்டிரு என்று கெஞ்சிக் கேட்டது.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் பறவைகள் வந்தன. நீர்நாய் போகவில்லை, பாறையிலேயே நின்றது. பன்றி கரையில் மிடுக்காக நின்றுகொண்டு நாவல் மரத்தைப் பார்த்துச் சைகை செய்தது. கரிச்சான் ஒரு சுள்ளியை அலகால் கவ்வி இறுகக் கடித்துக்கொண்டது.

மடுவில் சத்தமே இல்லை. அப்படியொரு அமைதியை அந்தக் காடு அதுவரை கேட்டதில்லை. மான்கள் மேய்வதை நிறுத்திவிட்டு ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. யாருமில்லாத வீட்டில் கதவு திறந்து கிடப்பது போல இருந்தது மடு. பன்றிக்கே முதுகு மயிர் குத்திட்டு நின்றது. "கத்துடா" என்று கிசுகிசுத்தது. கரிச்சான் சுள்ளியை விடவில்லை.

வாலாட்டிக் குருவி முதல்முறையாகக் கரையில் இறங்கியது. பாறையில் கிடந்த தவளைகளைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதன் வால் ஆடுவதை நிறுத்திவிட்டது.

"போன வருஷம் காதால கேட்டதை வெச்சு எல்லாம் நலம்னு உலகம் முழுக்கச் சொன்னது நான்தான். இறங்கிப் பார்க்காதது என் தப்பு" என்றது.

நீர்நாய் உரிந்த தோலைக் காட்டியது. எல்லாப் பறவைகளும் கூடின. இதே தோலைத் தூரத்துத் தீவில் பார்த்ததாக உள்ளான் குருவி சொன்னது. அங்கே வெயிலில் காய்ந்த கல் பொந்துகளில் இருந்த தவளைகள் மட்டும் பிழைத்தன, இந்த நோய்க்குச் சூடு ஆகாது என்றது. ஈரக் காலோடு நீர்நிலைக்கு நீர்நிலை தாவும் பறவைகளே நோயைச் சுமந்து வந்திருக்கலாம், இனி கால்களை வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த தண்ணீரில் இறங்க வேண்டும் என்றும் சொன்னது.

"இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்று முனகியது பன்றி.

"அந்தத் தீவிலயும் ஒருத்தி செத்த தவளையைப் பாறையில பரப்பி வெச்சுப் பார்த்துக்கிட்டிருந்தா. பைத்தியம்னு அவளை விரட்டப் பார்த்தாங்க. நாங்க விடலை" என்றது உள்ளான். "இவளையும் விடமாட்டோம்."

கூட வந்த நீர்க்காகங்கள், பால் கொடுக்கும் தாய்க்கு மீன் பிடித்துத் தருவதாக ஏற்றுக்கொண்டன. நீர்நாய் தவளைகளைத் தேடினால் போதும் என்றன. இத்தனை பேர் முன்னால் பன்றியால் என்ன பேச முடியும்? பொந்துள்ள கற்களை வெயில் படும் இடத்துக்கு மூக்கால் உருட்டும் வேலை அதற்குக் கிடைத்தது. உருட்டி உருட்டி அதன் மூக்கு வீங்கிப்போனது. பாவம்தான், இருந்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

நீர்நாய் மடுவைச் சல்லடை போட்டுத் தேடியது. பாறையிடுக்குகளில் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த சில தவளைகளைக் கண்டெடுத்தது. பல் படாமல் கவ்வி வந்து கல் பொந்துகளில் விட்டது. சில செத்தன. சில, பல நாள் அசையாமல் கிடந்தன. காடே காதைக் கொடுத்துக் காத்திருந்தது.

குட்டிகளுக்குக் கண் திறந்தபின் ஒரு மாலை, மடுவின் ஓரத்திலிருந்து ஒற்றைத் தவளைக் குரல் கேட்டது. எல்லோரும் பயந்துபோய் நாவல் மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். கரிச்சான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தது.

நீர்நாய் மெல்லத் தண்ணீரில் இறங்கியது. கத்தல் சட்டென்று நின்றது.

தன்னைக் கண்டு ஒரு தவளை பயந்ததற்காக நீர்நாய் சந்தோஷத்தில் அழுதது. நாவல் மரத்தில் கரிச்சான் தன் சொந்தக் குரலில் குஞ்சைக் கூப்பிட்டது. குஞ்சு பறந்து வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தது.

குறையை மறைக்காமல் உலகத்துக்குச் சொல்கிறவரும், அதைக் கேட்டு அவருக்குத் துணையாக ஓடி வருகிறவர்களும் இருந்தால்தான் காட்டில் உயிர்கள் மிஞ்சும்.