மொட்டைமுள்ளி

"எனக்குக் கோவம் போயிட்டும்மா. போயிட்டுன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. ஊருக்குப் போயிருதேன்."

வெயில்முத்து குருவிடம் இதைக் கேட்காத மாதம் இல்லை.

ஊரில் தம்பி இருக்கிறான். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் மண்வெட்டிக் காம்பால் தம்பியின் கையை அடித்து முடமாக்கிவிட்டு இந்தத் தீவுக்கு ஓடிவந்தவன் வெயில்முத்து. கோபம் அற்றுப்போன பிறகுதான் தம்பி முகத்தில் விழிப்பது என்று வைராக்கியம். அதற்குள் தலை நரைத்துவிட்டது.

குரு உலகம்மை அவனைவிட வயதில் சின்னவள். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

அன்றைக்கு அவள் அவனைக் குடிசைக்குப் பின்னால் இருந்த சரிவுக்குக் கூட்டிப்போனாள். அங்கே மொட்டைமுள்ளி ஊதாவாகப் பூத்திருந்தது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத செடி. தீவிலும் அந்தச் சரிவில் மட்டும், சில புதர்கள்தான்.

"தொட்டுப் பாருங்க அண்ணாச்சி."

தொட்டான். பூனைக் காதுபோல மெத்தென்று இருந்தது.

"அக்கரையில, ஊர்ப்பக்கம் இருக்க முள்ளியைத் தொட்டிருக்கீங்களா?"

"ரத்தம் வந்திரும்லா."

"ரெண்டும் ஒரே வம்சம்தான்."

என்றோ ஒரு பறவையின் கால் சேற்றில் ஒட்டிக்கொண்டு ஒரு விதை கடல் தாண்டி வந்ததாம். வந்த இடத்தில் ஆடு இல்லை, மாடு இல்லை, கடிக்க ஒரு வாய் இல்லை. முள்ளுக்குப் போகும் தெம்பைப் பூவுக்குக் கொடுத்த செடிகளே பெருகின. எத்தனையோ ஆயிரம் தலைமுறையில் முள் காணாமலே போனது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

வெயில்முத்துவுக்கு மனசு நிறைந்துபோனது. "அப்ப நானும் இந்தச் செடி மாதிரிதாம்மா."

"அதேதான்" என்றாள். அவள் சிரிக்கவில்லை. அதையாவது அவன் கவனித்திருக்கலாம்.

இருமல் நாளுக்கு நாள் முற்றியது. ஆட்டுப்பால் குடித்தால் தேறுவாள் என்று அவனாகவே முடிவுகட்டி, மீன்பிடிக்க வந்த படகுக்காரர்களிடம் சொல்லி ஒரு கறவை வெள்ளாட்டை வரவழைத்தான். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள். நல்லது செய்கிறோம் என்று கிளம்புகிறவனுக்கு யாரையும் கேட்கத் தோன்றுவதும் இல்லை.

ஆட்டைக் குடிசைக் காலில் கட்டிவிட்டு, தீவின் மறுகோடிக்கு விறகு பொறுக்கப் போனான்.

திரும்பி வரும்போது கயிறு அறுந்து கிடந்தது.

சரிவில் பச்சையே இல்லை. மணலில் பிடித்த வேர் எவ்வளவு தாங்கும், எல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. நடுவில் ஆடு நின்று மென்றுகொண்டிருந்தது. அதன் வாயோரம் ஒரு ஊதா இதழ்.

அப்புறம் நடந்தது அவனுக்குச் சரியாக நினைவில்லை. ஆடு கத்தியது மட்டும் கேட்டது. கையில் விறகுக்கட்டை இருந்தது. ஆட்டின் முன்னங்கால், தம்பியின் கை மடங்கிய அதே கோணத்தில் மடங்கிக் கிடந்தது.

சத்தம் கேட்டு உலகம்மை வந்தாள். மண்டியிட்டு மண்ணைக் கிளறிக்கொண்டே போனாள். உயிருள்ள ஒரு வேர்கூடக் கையில் படவில்லை. அவள் அழுதாள். குரு அழுது அவன் பார்த்ததில்லை.

பிறகு முந்தானையைக் கிழித்து ஆட்டின் காலைக் கட்டினாள். கட்டிமுடித்துத்தான் அவனையும் அந்தக் கட்டையையும் பார்த்தாள்.

"உங்களுக்கு ஒரு நிமிஷத்துல முள்ளு முளைச்சிட்டு அண்ணாச்சி" என்றாள். "இந்தச் செடிக்குத்தான் நேரம் பத்தல."