வீட்டுக்கு வீடு நீல வாளி

வேலாங்காட்டு இடைத்தேர்தலில் பெரிய கட்சிகள் ஒதுங்கிக்கொண்டன, நின்றவர்கள் எல்லாரும் சுயேச்சைகள். அதில் குவாரி முதலாளி சென்னியப்பன் அப்போதே எம்.எல்.ஏ. ஆகிவிட்ட மாதிரி நடமாடினார். எதிர்த்து நின்றவர்களில் ஒருத்தி, பஸ் ஸ்டாண்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் மாராத்தாள்.

தேர்தல் அறிவித்ததுமே சென்னியப்பனின் ஆட்கள் சத்தமில்லாமல் வீட்டுக்கு வீடு ஒரு நீல வாளி கொடுத்துவிட்டுப் போனார்கள். மாராத்தாள் மட்டும், “டியூபை முக்கிப் பாக்க எங்கிட்ட ஒண்ணு இருக்குது, அது போதுமுங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

சின்னம் ஒதுக்கும் நாள் வந்தது. தேர்தல் அதிகாரியின் அறையில், அத்தனை பேர் முன்னால், சென்னியப்பன் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏம்மா, நோட்டீஸ் அடிக்கவே உனக்கு வக்கில்லை. உன் சின்னத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்துக் காட்டு, என் ஓட்டையே உனக்குப் போடறேன்!”

“இத்தனை பேரும் சாட்சிங்கண்ணா” என்ற மாராத்தாள், அதிகாரியிடம் திரும்பினாள். “எனக்கு வாளிச் சின்னம் குடுங்க சார்.”

சென்னியப்பன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “வாளி கூடாது! தொகுதி பூரா வீட்டுக்கு ஒரு வாளி குடுத்திருக்கறது நானு!”

அதிகாரி பேனாவைத் திறந்தார். “என்ன குடுத்தீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

சென்னியப்பன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட, அதிகாரி வாளிச் சின்னத்தை மாராத்தாள் பெயருக்கு எழுதினார். மாராத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி வாசலுக்கு நடந்தாள். அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள்.

“சின்னம் வீடு வீடாப் போய்ச் சேந்துருச்சுங்கண்ணா. உங்க ஓட்டு எனக்குத்தான், மறந்துறாதீங்க.”