கொள்ளு தின்ற குட்டியும் வயிறெரிந்த லாயத்தாரும்

குதிரை வாய் திறந்து பேசினால், 'என்ன சொல்லுது?' என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போன காலம் அது. அந்தக் காலத்தில் மேழிபுரம் என்றொரு நாடு. அங்கே அரண்மனைக் குதிரை லாயத்துக்குத் தலைவர் நஞ்சுண்டர். பாதாமும் பாலும் நெய்யும் இல்லாமல் குதிரை வளராது என்பார். அவர் சொன்னால் லாயத்தில் மறுபேச்சு கிடையாது.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. அரண்மனையிலேயே பாலுக்குத் தட்டுப்பாடு. அந்த நேரம் பார்த்துத் தாயை இழந்து நின்றது ஒரு வெள்ளைக் குட்டி. விலா எலும்பை ஒன்று, இரண்டு என்று எண்ணிவிடலாம். இதைத் தேற்ற முடியுமா என்று ராஜா கேட்டார். நெய் இல்லாமல் தேறாது, காட்டில் விட்டுவிடலாம் என்றார் நஞ்சுண்டர். லாயத்துக்குப் புல்லறுத்துப் போடும் செம்பாயி அதைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினாள். ராஜா சம்மதித்தார். ஆவணிப் பௌர்ணமிக்குள் தேறாவிட்டால் காடுதான் என்றும் சொல்லிவிட்டார்.

நஞ்சுண்டர் முதல் தடவை குட்டியைப் பார்க்கப் போனபோது, செம்பாயி கொள்ளுப் பயற்றை ஊற வைத்து, வேக வைத்து, மசித்துக்கொண்டிருந்தாள். வானம் பார்த்த மேட்டு நிலத்திலும் விளைகிற கொள்ளு. அதில் தவிடும் ஒரு கல் உப்பும். பகலெல்லாம் மண் உதறிய அறுகம்புல். பட்டினி கிடந்த வயிறென்று முதல் நாள் ஒரே ஒரு பிடி கொள்ளுதான் கொடுத்தாளாம். பிறகு மூன்று வேளை, மூன்று பிடி. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாளாம்.

நஞ்சுண்டருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருக்கிற சதையும் கரைந்துவிடும்."

"அது மனுசங்களுக்குச் சொன்னதுங்க ஐயா. குதிரைக்கு யாரு சொன்னா?" என்றாள் செம்பாயி.

இரண்டாம் தடவை போனபோது விலா மறைந்திருந்தது. ரோமம் பளபளத்தது. 'பரவாயில்லை' என்று சொல்லிவிட்டு வந்தார். வயிறு திகுதிகுவென்று எரிந்தது. லாயத்தில் அவருடைய பதினெட்டுக் குதிரைகளும் நெய்யில்லாமல் வாடி நின்றன. அவளைப் பார்த்து அவரும் கொள்ளு வேக வைத்திருக்கலாம். கௌரவம் விடுமா?

மூன்றாம் தடவை போனபோது குட்டி வரப்போரம் பாய்ந்து வந்து, செம்பாயியின் தோளில் தலையை வைத்துக்கொண்டது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அவருடைய குதிரைகள் அவர் கையிலிருக்கும் கிண்ணத்தைப் பார்க்குமே தவிர, முகத்தைப் பார்த்ததில்லை.

நேரே கள்ளிமலை மந்திரவாதியிடம் போனார். "அது தின்பது அதன் உடம்பில் ஒட்டக் கூடாது" என்றார்.

"ஒட்டாது. ஆனால் தின்றது எங்காவது போய்ச் சேர வேண்டுமே?"

"எனக்கே வரட்டும்" என்றார் நஞ்சுண்டர். அவ்வளவு பொறாமை.

மந்திரவாதி ஒரு கறுப்புக் கயிற்றை அவர் இடுப்பில் கட்டினான். குட்டி தின்பதைப் பார்த்தும் என்றைக்கு வயிறு எரியாமல் இருக்கிறதோ, அன்றைக்குத்தான் கயிறு அறும் என்றான். அப்படி ஒரு நாள் வரப்போவதில்லை என்று நஞ்சுண்டர் சந்தோஷமாக மலையிறங்கினார்.

குட்டி ஒரு பிடி தின்றது, அவர் வயிறு ஒரு சுற்றுப் பருத்தது. இரண்டு பிடி தின்றது, இரண்டு சுற்று. பத்தே நாளில் அவர் நெல் குதிர் மாதிரி ஆகிவிட்டார். இருமினால் கனைப்புதான் வந்தது. அங்கே குட்டிக்கு மறுபடி விலா எலும்பு தெரிந்தது. பௌர்ணமிக்கு மூன்று நாள் இருக்கையில் அது படுத்துவிட்டது.

கண்ணாரப் பார்த்துவிட்டு வரலாமென்று நஞ்சுண்டர் மூச்சு வாங்க நடந்து போனார். அழுது வீங்கிய முகத்தோடு செம்பாயி எழுந்து, அவருக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"நீங்க பெரிய வித்தைக்காரரு. நான் எங்க தப்புப் பண்ணேன்னு சொல்லுங்க ஐயா. உங்க கையால ஒரு வாய் ஊட்டிப் பாருங்க" என்று கொள்ளுச் சட்டியை அவர் மடியில் வைத்துவிட்டுப் புல்லுக்குப் போனாள்.

முதல் வாய் ஊட்டினார். வயிறு எரிந்தது, பருத்தது. இரண்டாம் வாய் ஊட்டினார். இன்னும் எரிந்தது, இன்னும் பருத்தது. அப்போது குட்டி பேசியது.

"லாயத்தாரே, என் சாப்பாடு உங்களுக்குத்தான் வருகிறது என்று தெரியும். உங்களுக்கு வேண்டியது கொள்ளா?"

"இல்லை."

"வேறென்ன?"

நஞ்சுண்டர் மடியிலிருந்த சட்டியைக் கீழே இறக்கி வைத்தார். பிறகு, "அவள் உன்னைப் பார்க்கிற மாதிரி என்னை யாரும் பார்த்ததில்லை" என்றார். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

குட்டி மெல்ல நகர்ந்து அவர் மடியில் தலையை வைத்தது. மூன்றாம் வாய் ஊட்டினார். அது மென்று தின்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எரியவில்லை. கயிறு பட்டென்று அறுந்தது. அவர் வயிறு வற்ற வற்ற, குட்டியின் விலா மறைந்தது. புல்லுக்கட்டோடு திரும்பி வந்த செம்பாயி, எழுந்து நின்ற குட்டியைப் பார்த்துக் கட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

பௌர்ணமியன்று ராஜா வந்தார். குட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். செத்துப்போக இருந்ததை லாயத்து ஐயாதான் ஊட்டிப் பிழைக்க வைத்தார் என்று செம்பாயி கும்பிட்டுச் சொன்னாள். ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி நஞ்சுண்டரிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டால் யாருக்கும் எதுவும் தெரியாது.

"வளர்த்தது அவள், கெடுத்தது நான்" என்றார் நஞ்சுண்டர். ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார்.

ராஜா மாலையைச் செம்பாயிக்குக் கொடுத்தார். லாயத்தையும் அவளுக்கே கொடுத்தார். நஞ்சுண்டரைத் துரத்த வேண்டாம் என்று அவள்தான் கேட்டுக்கொண்டாள். அவர் புல்லறுக்கிற வேலையைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் அவள் கொள்ளுச் சட்டியோடு உள்ளே வந்ததும், பதினெட்டுக் குதிரைகளும் அவள் முகத்தைப் பார்த்துக் கனைத்தன. நஞ்சுண்டருக்கு லேசாக வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன், எரியத்தான் எரிந்தது. புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு, அடுத்த வேளைக்குக் கொள்ளு ஊற வைக்கப் போனார்.