எட்டில் எட்டு போனால்

கொக்கரப்பட்டிக்காரர்களைப் போல சொன்ன சொல் தட்டாதவர்களை எந்தச் சீமையிலும் பார்க்க முடியாது. அவர்களிடம் உள்ள ஒரே தொல்லையும் அதுதான்.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மொத்தமே எட்டுப் பிள்ளைகள். டீச்சர் பயிற்சிக்காக டவுனுக்குப் போக வேண்டி வந்தது. போகும்போது பெற்றோரைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"வெள்ளிக்கிழமை அதிகாரி வர்றாரு. பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் வரலைன்னா பள்ளிக்கூடத்த மூடிருவாங்க. வாயால சொன்னா மண்டையில ஏறாது. பிடிச்ச பொருளா வச்சு, கண்ணால பார்க்கிற மாதிரி செஞ்சு காட்டுங்க. கூட்டுனா கொண்டாந்து வைங்க. கழிச்சா எடுத்துருங்க."

அடுத்த பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அக்கரையில்தான். இதை மூடிவிட்டால் தவசியாண்டி தன் மகள் அமிர்தத்தைத் தினமும் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்க வேண்டும். அவனுக்கு முட்டிவலி வேறு. பாடம் நடத்தும் பொறுப்பை அவனே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

பிடித்த பொருள் என்று கடலை உருண்டை வாங்கி வந்தான். மூன்றை வைத்துவிட்டு, இன்னும் இரண்டை எடுக்கத் திரும்பினான். மூன்றையும் காணோம். இரண்டை வைத்துவிட்டு மூன்றைத் தேடினான். இரண்டும் போய்விட்டன. பிள்ளைகள் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

"மூணும் ரெண்டும் ஒண்ணுமில்ல" என்றான் தவசியாண்டி, ஆழ்ந்த யோசனையோடு.

"அப்ப இத்தனை வருசமா அஞ்சுன்னு சொல்லி நம்மள ஏமாத்தியிருக்காங்க" என்றான் மொக்கைச்சாமி. ஆடு மேய்ப்பவன்; ஊரிலேயே கணக்குக்குப் பேர் போனவன்.

"திங்கிற பொருள் சரிப்படாதுப்பா. உன் ஆட்டைக் கொண்டா" என்றான் தவசியாண்டி.

ஐந்து ஆடுகளை வகுப்பில் நிறுத்தினார்கள். இரண்டை மலைப்பக்கம் விரட்டிவிட்டு, "பாத்தீங்களா, மூணு!" என்றான் தவசியாண்டி. பிள்ளைகள் கைதட்டி ஓய்வதற்குள், விரட்டிய இரண்டும் யாருடையதோ ஒரு கிடாவையும் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்து நின்றன.

ஊர் கூடி விவாதித்தது.

"அஞ்சுல ரெண்டு போனா ஆறு வருதேப்பா! கழிக்கக் கழிக்கப் பெருகுதே!"

"கணக்கு மேல குத்தமில்ல" என்றான் மொக்கைச்சாமி. "கழிச்சத காவல் போடாம விட்டதுதான் குத்தம்."

எல்லோரும் மெச்சினார்கள். இனிமேல் கழித்தது எதுவும் திரும்பி வராதபடி தவசியாண்டி கம்போடு வாசலில் நிற்பது என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். "கழித்தல் நடத்தியாச்சா? எட்டுல எட்டு போனா எவ்வளவுன்னு கேட்டுப் பார்ப்போம்."

"ஒரு டீ குடிங்க சார். காட்டிருவோம்."

உருண்டை தீர்ந்துபோயிருந்தது. ஆட்டை நம்ப முடியாது. எட்டு என்று கைவசம் இருந்தது பிள்ளைகள்தான். பின்வாசல் வழியாக அவர்களைப் புளியந்தோப்புக்கு ஓட்டினார்கள்.

"அப்பா, பூஜ்யம்னு நானே சொல்லிருறேனே" என்றாள் அமிர்தம்.

"வாயால சொன்னா ஆகாதுத்தா. கண்ணால பார்க்கணும்னு டீச்சர் சொல்லியிருக்கு."

அதிகாரி டம்ளரும் கையுமாக உள்ளே எட்டிப் பார்த்தார். "பிள்ளைங்க எங்கய்யா?"

"கழிச்சிட்டோம் சார்."

டீ முழுவதும் அவர் சட்டையில் கொட்டியது.

அந்த நேரம் பார்த்துப் பசி தாங்காத பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை நோக்கி ஓடி வந்தார்கள். தவசியாண்டி கம்பை ஓங்கிக்கொண்டு குறுக்கே பாய்ந்தான்.

"யோவ், அவங்கள உள்ள விடுய்யா!"

"விட்டா விடை தப்பாயிரும் சார்!"

அமிர்தம் ஓவென்று அழுதாள். அவனுக்கும் மனசு துடித்தது. ஆனால் பள்ளிக்கூடம் தப்பியாக வேண்டுமே! கண்ணைத் துடைத்துக்கொண்டே கடைசிப் பிள்ளை வரைக்கும் தோப்புக்கே விரட்டியடித்தான்.

அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். "இந்தப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க பூஜ்யம்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஊரே விசிலடித்தது. அதிகாரி வாயாலேயே சரியான விடை வந்துவிட்டதே! வெடி போட்டார்கள், பாயசம் வைத்தார்கள். தவசியாண்டி மட்டும் வாசலை விட்டு நகரவில்லை.

திங்கட்கிழமை டீச்சர் திரும்பி வந்தார். அப்போதும் அவன் கம்போடு அங்கேயே நின்றான்.

"நில்லுங்க டீச்சர்! பூஜ்யம் சுத்தமா வந்திருக்கு. நீங்க உள்ள போயி அதை ஒண்ணாக்கிராதீங்க."